கேள்வித்தாள் மாறாமல் மெக்கானிக்ஸ் வகுப்பு மாறாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் நுழைவுத் தேர்வுகளான சிஇடி, காமெட்-கே முடிவுகள் வரும் நாட்களில் உங்கள் நாளிதழின் பெங்களூர்ப் பக்கங்களைப் பெற்றோர்கள் வரி விடாமல் படிக்கிறார்கள். எந்தக் கல்லூரியில் எத்தனை இடம், கட்டணம் எவ்வளவு, எந்தப் பிரிவுக்குக் கிராக்கி, கேம்பஸுக்கு எந்த கம்பெனி வந்தது என்று எல்லாமே வருகிறது. சேர்ந்த பிறகு அந்தப் பிள்ளைகள் முதல் ஆண்டு வகுப்புக்குள் உட்கார்ந்து என்ன கற்கிறார்கள், எப்படிக் கற்கிறார்கள் என்பதைப் பற்றி மட்டும் யாரும் எழுதுவதில்லை. அதில் ஒரே ஒரு பாடத்தைப் பற்றி எழுத இடம் கேட்கிறேன்: இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ், அதாவது விசைகளால் பொருள்கள் எப்படி நிற்கின்றன, எப்படி நகர்கின்றன என்று சொல்லும் பாடம்.

வட பெங்களூரில் ஒரு தனியார் கல்லூரியில் முதல் ஆண்டு மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்துகிறேன். அதற்கு முன்பு பீன்யாவில் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்டின் டிசைன் பிரிவில் வேலை பார்த்தேன். வேலைக்கு வரும் புதுப் பட்டதாரிகளையும் பார்த்திருக்கிறேன், அவர்கள் முதன்முதலாகக் கல்லூரிக்குள் நுழையும்போதும் பார்க்கிறேன். அதனால் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது: இந்தப் பாடத்தை நாம் நடத்தும் விதம் பிள்ளைகளுக்குக் கணக்குப் போடக் கற்றுக்கொடுக்கிறது, விசைகளைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதில்லை. இதைச் சரிசெய்யப் புதுக் கட்டடமோ ஸ்மார்ட் போர்டோ தேவையில்லை. தேர்வுத் தாளில் படத்துக்கும் காரணத்துக்கும் மதிப்பெண் வைத்தால் போதும், மீதி தானாக நகர ஆரம்பிக்கும் என்பது என் கட்சி.

முதலில் வகுப்பு எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அறையில் அறுபது, எழுபது பேர். பலகையில் ஒரு கணக்கு, நோட்டில் அதே கணக்கு. பாடம் முழுவதும் வகைகளாகப் பிரிந்து கிடக்கிறது. இது லாமி தேற்றம் வகை, இது ஏணி வகை, இது பெல்ட் ஃப்ரிக்‌ஷன் வகை, இது டிரஸ் வகை. தேர்வு நெருங்கும்போது ஜெராக்ஸ் கடையில் ‘பாஸிங் பேக்கேஜ்’ கிடைக்கும். பழைய வினாத்தாள்களிலிருந்து வகைக்கு இரண்டு கணக்கு, விடையோடு. அதை உருப்போட்டவர் தேறிவிடுகிறார், பல சமயம் நல்ல மதிப்பெண்ணோடு தேறுகிறார். மாணவர்களை இதில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கேள்வித்தாள் எதைக் கேட்கிறதோ அதைத்தான் அவர்கள் தயார் செய்கிறார்கள். அப்பா அம்மா வட்டிக்கு வாங்கிக் கட்டிய கட்டணம் பின்னால் நிற்கும்போது, பேக்லாக் (அரியர்) விழாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்தப் பிள்ளைக்கு முதல் கவலையாக இருக்கும்.

இப்படித் தேறியவர்களிடம் ஒரு சின்னக் கேள்வி கேட்டுப் பாருங்கள். ஒரு ரூபாய் நாணயத்தை நேராக மேலே சுண்டிவிடுகிறோம். அது கையை விட்டுக் கிளம்பிவிட்டது, இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கிறது. காற்றின் தடையைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அந்தக் கணத்தில் நாணயத்தின் மேல் என்னென்ன விசைகள்? படம் போடுங்கள்.

ஒவ்வொரு ஆண்டும் இதைக் கேட்கிறேன். வகுப்பில் பெரும்பாலானோர் இரண்டு அம்புக்குறி போடுவார்கள். கீழ்நோக்கி எடை, மேல்நோக்கி ‘கை கொடுத்த விசை’. மேல் அம்புக்குறி கொஞ்சம் நீளமாக இருக்கும். கேட்டால், “மேலே போகிறதே மேடம், தள்ளுகிற விசை இல்லாமல் எப்படிப் போகும்?” என்பார்கள். உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது என்ன விசை என்றால், இரண்டும் சமம் என்பார்கள். கீழே வரும்போது எடை ஜெயித்துவிட்டது என்பார்கள். இந்தக் கதையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது, முட்டாள்தனம் எதுவும் இல்லை. ஒரு பொருள் நகர வேண்டுமானால் நகரும் திசையில் ஏதோ ஒன்று தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது, உராய்வு நிறைந்த உலகத்தில் வண்டி தள்ளி, மூட்டை இழுத்து வளர்ந்த எல்லோருக்கும் உள்ளூரப் பதிந்த எண்ணம். அந்த எண்ணத்தை வைத்துக்கொண்டே நியூட்டனின் இரண்டாம் விதியில் எண்களைப் போட்டுச் சரியான விடை எடுக்க முடிகிறது. அதுதான் எனக்குக் கவலை.

இது நம் ஊர்ப் பிள்ளைகளின் குறை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஜான் கிளெமென்ட் என்ற ஆய்வாளர் இதே நாணயக் கேள்வியை அமெரிக்கப் பொறியியல் மாணவர்களிடம் கேட்டு 1982-ல் எழுதினார். மெக்கானிக்ஸ் பாடத்தை முடித்த பிறகும் பெரும்பாலோர் அந்த மேல் அம்புக்குறியைப் போட்டார்கள். 1992-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஹெஸ்டனிஸும் அவருடைய சகாக்களும் ஒரு வினாத்தாளை உருவாக்கினார்கள். கணக்கே கிடையாது. அன்றாடச் சூழலில் எந்தப் பொருள் எப்படி நகரும், அதன் மேல் என்ன விசை என்று மட்டும் கேட்கும். இப்போது புழக்கத்தில் இருக்கும் வடிவில் 30 கேள்விகள். பார்த்தால் பள்ளிப் பிள்ளைக்கான கேள்வி மாதிரி இருக்கும். அதற்கு முன்னோடியாக ஹெஸ்டனிஸ் இன்னொருவரோடு சேர்ந்து உருவாக்கியிருந்த இதே மாதிரி வினாத்தாளை ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் தன் மாணவர்களுக்குக் கொடுத்தபோது, ஒரு மாணவர் எழுந்து, இதற்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பதில் எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாராம். உலகத்தின் தலைசிறந்த பல்கலைக்கழகம் ஒன்றில் படித்த பிள்ளை கேட்ட கேள்வி அது. மசூர் அதற்குப் பிறகு தன் வகுப்பு முறையையே மாற்றினார்.

1998-ல் ரிச்சர்ட் ஹேக் என்ற இயற்பியலாளர், இத்தகைய வினாத்தாள்களை எழுதிய 62 பாடப்பிரிவுகளின் 6,542 மாணவர்களின் விவரங்களைத் தொகுத்தார். பாடத்துக்கு முன்பே தெரிந்திருந்தது போக, கற்றுக்கொள்ள மிச்சமிருந்ததில் எவ்வளவு கற்றார்கள் என்று கணக்கிட்டார். ஆசிரியர் பேச, மாணவர் எழுதிக்கொள்ளும் வகுப்புகளில் சராசரியாக 23 சதவீதம். மாணவர்கள் வகுப்பிலேயே யோசித்து, அருகில் இருப்பவரோடு விவாதித்து, உடனே சரிபார்த்துக்கொள்ளும் வகுப்புகளில் 48 சதவீதம். ஆசிரியர் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் முதல் வகை வகுப்புகள் கீழேயே கிடந்தன. இதெல்லாம் நான் கண்டுபிடித்த சங்கதி இல்லை, கால் நூற்றாண்டுக்கு மேலாக எல்லோருக்கும் தெரிந்தது. நம் வகுப்பறைகளுக்குள் மட்டும் வரவில்லை.

சரி, என்ன செய்யலாம்? நான் கடைப்பிடிப்பது ஒரே ஒரு விதி. ஃப்ரீ பாடி டயகிராம், அதாவது ஒரு பொருளைத் தனியே எடுத்து அதன் மேல் உள்ள விசைகளை அம்புக்குறிகளாக வரையும் படம் போடும்போது, ஒவ்வொரு அம்புக்குறியின் பக்கத்திலும் ‘யார், யார் மேல்’ என்று எழுத வேண்டும். ‘பூமி, நாணயத்தின் மேல்’. ‘சுவர், ஏணியின் மேல்’. ‘கயிறு, பெட்டியின் மேல்’. எழுத முடியாத அம்புக்குறியை அழித்துவிட வேண்டும். நாணயத்தின் மேல் நோக்கிய அம்புக்குறிக்கு இந்த விதியைப் போட்டுப் பாருங்கள். கை என்று எழுத முடியாது, கை தொட்டுக்கொண்டு இல்லை. வேறு யார்? வகுப்பு அமைதியாகிவிடும். பிறகு யாராவது ஒருவர், “அப்போ அங்கே ஒரே ஒரு விசைதானா?” என்று சந்தேகத்தோடு கேட்பார். அப்புறம் வேகம் எங்கிருந்து வந்தது, விசை எங்கே நின்றது என்று அவர்களே சண்டை போட ஆரம்பிப்பார்கள். அந்தச் சண்டைக்கு ஒரு பத்து நிமிடம் விட வேண்டும். ஆசிரியருக்கு வாயைத் திறக்காமல் இருப்பதுதான் அதில் கஷ்டமான வேலை.

இன்னொன்றும் செய்கிறோம், பெற்றோர்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். ஜெர்மனியில் ஆகென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவச ஆப் இருக்கிறது. போனுக்குள் இருக்கும் முடுக்கமானி காட்டுவதை அப்படியே வரைபடமாகக் காட்டும். போனை மேசை மேல் சும்மா படுக்க வைத்தால் புவியீர்ப்பு முடுக்கத்தின் எண்ணான 9.8 பக்கத்தில் ஒரு நேர்கோடு ஓடும். அதைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட்டுக்குப் போய்த் தரையில் வைக்கிறோம். பொத்தானை அழுத்துவதற்கு முன்னால், கீழிருந்து ஐந்தாவது மாடி போகும்வரை கோடு எப்படி இருக்கும் என்று ஒவ்வொருவரும் தன் நோட்டில் வரைந்துவிட வேண்டும். இது கட்டாயம். வரையாதவர் லிஃப்ட்டில் ஏறக் கூடாது.

பெரும்பாலான நோட்டுகளில் கோடு கிளம்பும்போது மேலே ஏறி, ஐந்தாவது மாடி வரை அப்படியே உயரத்தில் ஓடி, நின்றதும் பழைய இடத்துக்கு இறங்கும். மேலே போகிறது, ஆகவே அதிக விசை. அதே பழைய எண்ணம், வேறு உடுப்பில். போன் காட்டுவது வேறு. லிஃப்ட் கிளம்பும் இரண்டொரு வினாடிக்கு ஒரு மேடு. அப்புறம் நடுவில் பழைய 9.8, ஆடாமல் அசையாமல், லிஃப்ட் நிற்பது போலவே. நெருங்கும்போது ஒரு பள்ளம். மாடி எத்தனை இருந்தாலும் நடுக்கோடு நீளுமே தவிர உயராது. தன் கையால் வரைந்த கோட்டையும் போன் வரைந்த கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பிள்ளையின் முகத்தில் அப்போது ஏற்படும் மாற்றத்தைப் பலகையில் எழுதும் எந்தச் சமன்பாடும் ஏற்படுத்தியதில்லை. அதற்குப் பிறகு போனுக்கு ஃப்ரீ பாடி டயகிராம் போடச் சொல்கிறேன். இரண்டே அம்புக்குறி: பூமி போன் மேல், லிஃப்ட் தரை போன் மேல். மேட்டில் எது பெரிது, நடுவில் எப்படிச் சமம், பள்ளத்தில் எது சிறிது. இறங்கி வரும்போது கோடு எப்படி இருக்கும் என்று கேட்டால் இப்போது அநேகம் பேர் சரியாக வரைகிறார்கள். செலவு ஒரு பைசா இல்லை.

இங்கே சின்னதாக ஒரு விஷயம். பாடப்புத்தகத்தில் புவியீர்ப்பு முடுக்கம் 9.81 என்று இருக்கிறது, பிள்ளைகளும் எல்லாக் கணக்கிலும் அதையே போடுகிறார்கள். பெங்களூரில் அது ஏறத்தாழ 9.78. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம், கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறோம். ஒரு மீட்டர் நூலில் ஒரு நட்டைத் தொங்கவிட்டுப் பத்து ஊசலுக்கு எத்தனை வினாடி என்று எண்ணினால், கிட்டத்தட்ட 20 வினாடியில் தங்கள் ஊரின் எண்ணைத் தாங்களே நெருங்கிவிடலாம். புத்தகத்தில் இருப்பது எங்கிருந்தோ அளந்து எடுத்த எண் என்று ஒரு முறையாவது தெரிந்துகொள்ள வேண்டாமா?

பீன்யாவுக்கு வருகிறேன். அங்கே எங்கள் யூனிட்டில் தர்மபுரிப் பக்கத்து அண்ணன் ஒருவர் ஃபோர்மேன். கிரேனில் ஃபிரேம் தூக்கும்போதெல்லாம் ஒரு வார்த்தை சொல்வார்: “கயிறு படுக்கக் கூடாது.” ஒரு டன் எடையுள்ள ஃபிரேமை இரண்டு ஸ்லிங் (தூக்கும் கயிறு) போட்டு ஒரே ஹூக்கில் தூக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லிங் கிடைமட்டத்தோடு 60 டிகிரியில் நின்றால், ஒவ்வொன்றிலும் சுமார் 577 கிலோ எடைக்குச் சமமான இழுவிசை. 45 டிகிரிக்கு இறங்கினால் 707. 30 டிகிரியில் ஒவ்வொரு ஸ்லிங்கும் முழு ஒரு டன்னைத் தாங்குகிறது; இரண்டு போட்டும் பங்கு பிரிந்த பாடில்லை. 15 டிகிரிக்குப் படுக்கவிட்டால் ஒவ்வொன்றிலும் 1,930 கிலோவுக்கு மேல் போய்விடும். நீளமான ஸ்லிங் போடு என்று அந்த அண்ணன் விரட்டியதன் காரணம் இவ்வளவுதான். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் அவர், சைன் காஸ் எல்லாம் தெரியாது, ஆனால் விசை அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

அங்கே புதிதாகச் சேர்ந்த பட்டதாரிகள் லாமி தேற்றத்தில் முழு மதிப்பெண் எடுத்தவர்கள். தொங்கும் எடை, இரண்டு கயிறு, இரண்டு கோணம், இழுவிசை காண்க. தேர்வில் தவறாமல் வரும் கணக்கு. கிரேனுக்குக் கீழே நிற்கும்போது கண் முன்னால் இருப்பது அதே கணக்கு என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. குட்டையான ஸ்லிங்கை எடுத்துக் கொடுத்து, “இரண்டு இருக்கிறதே, ஆளுக்குப் பாதி” என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃபோர்மேன் பார்த்துத் தடுத்ததால் ஒன்றும் ஆகவில்லை. எல்லா இடத்திலும் அப்படி ஒருவர் பக்கத்தில் நிற்பார் என்று சொல்ல முடியாது. நாங்கள் கல்லூரியில் கொடுக்கும் மதிப்பெண்ணுக்குக் கீழே நிற்பது ஒரு மனிதனின் தலை என்ற நினைப்பு அன்றிலிருந்து எனக்குப் போகவே இல்லை.

இப்போது தேர்வுத் தாள். வினாக்களின் ஓரத்தில் எல்3, சிஓ2 என்றெல்லாம் அச்சடித்திருக்கும். நினைவாற்றலைச் சோதிக்கிறதா, புரிதலையா, பயன்படுத்தும் திறனையா, பாடத்தின் எந்த இலக்கைச் சேர்ந்தது என்று பிரித்துக் காட்டும் குறிகள் அவை. நல்ல நோக்கத்தோடு வந்தவைதான். 2018-ல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) தேர்வுச் சீர்திருத்தத்துக்கென்றே ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டது. ஆனால் ஓரத்தில் குறி ஏறியதே தவிர, கேள்வி அதே பழைய கேள்வி. ஏணிக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏணியின் நீளம், எடை, தரையின் உராய்வுக் கெழு, மனிதனின் எடை எல்லாம் கொடுத்து, எவ்வளவு தூரம் ஏறலாம் என்று கேட்பார்கள். எண்கள் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

அதே ஏணியை வைத்து இப்படிக் கேட்டால் என்ன? சுவர் வழவழப்பானது, தரை சொரசொரப்பானது. ஒரு பெயின்டர் அடியிலிருந்து மேலே ஏறுகிறார். அவர் அடியில் நிற்கும்போது ஒரு படம், முக்கால் தூரத்தில் நிற்கும்போது ஒரு படம் போடுக. தரை ஏணியை மேல்நோக்கித் தாங்கும் விசை கூடுமா, குறையுமா, மாறாதா? தரையின் உராய்வு விசை? காரணத்தை இரண்டு வரியில் எழுதுக. எண்ணே கிடையாது. இதற்குப் பேக்கேஜில் விடை கிடைக்காது. படம் போட்டால்தான் தெரியும்: மேல்நோக்கித் தாங்கும் விசை, ஏணியும் ஆளும் சேர்ந்த எடை, அது மாறவே மாறாது. ஆள் மேலே ஏற ஏறச் சுவரின் எதிர்விசை கூடுகிறது, அதைச் சமாளிக்கத் தரையின் உராய்வும் கூட வேண்டியிருக்கிறது. ஏணி வழுக்குவது ஏன் ஆள் மேலே போன பிறகு என்பதும், பெயின்டர் ஏறும்போது கீழே ஒருவர் ஏன் காலை வைத்து முட்டுக்கொடுக்கிறார் என்பதும் அதே படத்தில் வந்துவிடும். மதிப்பெண்ணில் பாதியைப் படத்துக்கு வையுங்கள். ஒவ்வொரு அம்புக்குறிக்கும் யார், யார் மேல் என்று எழுதியிருந்தால் மதிப்பெண், இல்லாத விசையைப் போட்டிருந்தால் குறைப்பு. இதைத் திருத்துவது மூன்று பக்கக் கணக்கைத் திருத்துவதைவிடச் சுலபம்.

இப்படி ஒரு தாள் வந்தால் ஜெராக்ஸ் கடைப் பேக்கேஜுக்கு மதிப்பு போய்விடும். மாணவர்களே வகுப்பில், “மேடம், படம் சரியா?” என்று கேட்கத் தொடங்குவார்கள். ஆசிரியர்களும் படம் போட வைப்பார்கள். நான் என் இன்டர்னல் தேர்வில் இப்படித்தான் கேட்கிறேன். ஆனால் செமஸ்டர் தேர்வு பழைய மாதிரியே இருப்பதால், நவம்பர் வந்ததும் பிள்ளைகள் என்னிடம் தயங்கித் தயங்கி, “இதெல்லாம் எக்ஸாமுக்கு வருமா?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வராது என்றுதான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சிலபஸ் முடிக்க நேரமில்லை என்பார்கள். என் சக ஆசிரியர்கள் எல்லோரும் சொல்வதுதான், பொய்யும் இல்லை. அப்படியானால் சிலவற்றைக் குறைக்க வேண்டும். கூட்டு உருவங்களின் மையத்தையும் நிலைமத் திருப்புத்திறனையும் அட்டவணை போட்டுக் கணக்கிடுவதிலேயே வாரக்கணக்கில் போகிறது. வேலைக்குப் போனால் அதை மென்பொருள் ஒரு நொடியில் செய்யும். பத்து மூட்டு உள்ள டிரஸ்ஸை (கம்பிகளை மூட்டுகளில் இணைத்த சட்டகம்) மூட்டு மூட்டாகத் தீர்க்க வைப்பதற்குப் பதில், மூன்று மூட்டில் ஒன்றைச் சரியாகத் தீர்த்து, எந்தக் கம்பி இழுபடுகிறது, எது நசுங்குகிறது என்று கணக்குப் போடாமலே சொல்ல வைத்தால் போதும். இதில் மற்ற ஆசிரியர்களுக்கு மாற்றுக் கருத்து இருக்கும், தெரியும். இருக்கட்டும், விவாதிப்போம்.

இன்னொரு தடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. செமஸ்டர் முடிவில் மாணவர்களிடம் ஆசிரியரைப் பற்றி ஃபீட்பேக் வாங்குகிறார்கள், அதை வைத்துத்தான் பல இடங்களில் இன்கிரிமென்ட். 2019-ல் ஹார்வர்டில் லூயி டெலோரியர் முதலானோர் இயற்பியல் வகுப்பில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே பாடம், ஒரு குழுவுக்கு அழகான சொற்பொழிவு, இன்னொரு குழுவுக்குத் தாங்களே முட்டிமோதித் தீர்க்கும் வகுப்பு. தேர்வு வைத்தபோது முட்டிமோதியவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் எவ்வளவு கற்றதாக உணர்கிறீர்கள் என்று கேட்டபோது, சொற்பொழிவு கேட்டவர்கள்தான் அதிகம் கற்றதாகச் சொன்னார்கள். பலகையில் வழுக்கிக்கொண்டு போகும் கணக்கைப் பார்த்தால் புரிந்த மாதிரி இருக்கும். தானே படம் போட்டுத் தப்பாகி, அழித்து, பக்கத்தில் இருப்பவனோடு வாதாடும்போது ஒன்றும் புரியாத மாதிரி இருக்கும். இதை முதல் வகுப்பிலேயே மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும், அந்த ஆய்விலும் அதைத்தான் பரிந்துரைத்தார்கள். கல்லூரி நிர்வாகங்களும் இதைத் தெரிந்துகொண்டு ஃபீட்பேக் தாளைப் படிக்க வேண்டும். ஓர் இளம் ஆசிரியர் வகுப்பை மாற்ற முயன்ற முதல் ஆண்டிலேயே மதிப்பீடு குறைந்து, அடுத்த ஆண்டு பழையபடி பலகைக்கே திரும்பிவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நம் தமிழ்ப் பிள்ளைகளுக்காகத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தங்கவயல், ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து தமிழ்வழியில் படித்துவிட்டு வருகிறவர்கள் ஒவ்வொரு செக்‌ஷனிலும் ஒருசிலர் இருக்கிறார்கள். கடைசி பெஞ்சு. ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் தலை குனிந்துகொள்வார்கள். ஆனால் பக்கத்தில் இருப்பவரோடு பேசி முடிவு செய்யுங்கள் என்று விட்டால், எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசலாம் என்று சொன்னால், அந்தப் பெஞ்சிலிருந்துதான் பல தடவை முதல் சரியான விடை வருகிறது. ஒரு மூலையில் கன்னடம், ஒரு மூலையில் தெலுங்கு, ஒரு மூலையில் இந்தி, நடுவில் தமிழ். அம்புக்குறிக்கு மொழி வித்தியாசம் கிடையாது, படம் பலகைக்கு வந்ததும் எல்லோரும் ஒரே படத்தைப் பார்க்கிறார்கள். கிராமத்தில் ஏற்றம், கப்பி, மாட்டுவண்டி பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு விசையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. அதைச் சொல்வதற்கு நாம் நேரம் ஒதுக்கவில்லை.

கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்த பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். ஒரு விஷயத்தைச் சுற்றி எல்லை போட்டுத் தனியே எடுத்து, அந்த எல்லையைத் தாண்டி உள்ளே வருவதை எல்லாம் ஒன்று விடாமல் எழுதும் பழக்கம், கோடிங் எழுதுகிறவருக்கும் வேண்டிய பழக்கம். அதைச் சொல்லித் தராமல் வெறும் ஏணிக் கணக்கை மட்டும் நடத்தினால், அவர்கள் கேட்பது சரிதான், தேவையே இல்லை.

பொறியாளர் தினமான செப்டம்பர் 15 வந்தால் எல்லாக் கல்லூரிகளிலும் சர் எம். விஸ்வேஸ்வரய்யாவின் படத்துக்கு மாலை போடுகிறோம். அணையில் நீர்மட்டம் உயர்ந்தால் தானே திறக்கும் மதகை வடிவமைத்து, 1903-ல் புனே அருகே கடக்வாஸ்லாவில் முதன்முதலாகப் பொருத்தியவர் அவர். அன்றைக்கு மேடைப் பேச்சோடு இதையும் கேட்கலாமே: அடியில் கீல் வைத்த ஒரு செங்குத்துக் கதவு. ஒரு பக்கம் தண்ணீர். கீலைச் சுற்றித் தண்ணீர் கொடுக்கும் திருப்புத்திறன் (சுழற்றப் பார்க்கும் விளைவு) ஆழத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. ஆழம் இரட்டித்தால் எட்டு மடங்கு. இதைச் சமன் செய்ய ஓர் எதிர் எடை கட்டினால், எந்த மட்டத்தில் கதவு தானாகச் சாயும்? முதல் ஆண்டு மாணவர் ஒரு படமும் நாலு வரியும் எழுதினால் பதில் வந்துவிடும். அந்தப் பெரியவருக்கு இதைவிட நல்ல மரியாதை எனக்குத் தோன்றவில்லை.

ஆசிரியர் அவர்களே, பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டியதை அங்கே எழுதியிருக்கிறேன். உங்களிடம் கேட்பது வேறு. மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு கேள்வி வெளியிடுங்கள். எண் இல்லாத கேள்வி, படம் போட்டுத்தான் பதில் எழுத முடியும் என்கிற மாதிரி கேள்வி. வீட்டில் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து செய்து பார்க்கட்டும். கேள்விகளை நான் எழுதித் தருகிறேன், அடுத்த வாரம் விடையும் தருகிறேன். முதல் கேள்வி இதோ:

ஒரு சாதாரண சைக்கிளைச் சாயாமல் மட்டும் ஒருவர் லேசாகப் பிடித்துக்கொள்கிறார், முன்னும் பின்னும் நகர விட்டுவிடுகிறார். ஒரு பெடல் சரியாக அடியில் இருக்கிறது. அந்தப் பெடலில் கயிறு கட்டி, சைக்கிளுக்குப் பின்னால் நின்று, கிடைமட்டமாகப் பின்பக்கம் இழுக்கிறோம். சக்கரம் தரையில் வழுக்காது. சைக்கிள் முன்னால் போகுமா, பின்னால் வருமா? முதலில் படம் போட்டு முடிவு செய்துவிட்டு, பிறகு சைக்கிளை எடுத்துச் செய்து பாருங்கள். விடை அனுப்புகிறவர்கள் படத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஒவ்வொரு அம்புக்குறிக்கும் பக்கத்தில் யார், யார் மேல் என்று எழுதியிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மெக்கானிக்ஸ் விரிவுரையாளர் ஒருவர்
(பெயர் வெளியிட வேண்டாம்)
லிங்கராஜபுரம், பெங்களூரு